வெள்ளைக் கோட்டுக்குக் கீழே

வடக்கனந்தலைச் சுற்றியுள்ள ஊர்களில் கிணறு ஆழப்படுத்தப் போகிறவர்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. மத்தியானச் சோற்றுக்கு உட்காரும்போது வெள்ளைக் கோட்டுக்குக் கீழே உட்காரக் கூடாது. அரசாங்கம் போட்ட சட்டங்களை அன்றாடம் மீறுகிறவன்கூட இதை மீற மாட்டான். இதைப் போட்டவர் செபாஸ்தியான் மேஸ்திரி.

வெள்ளைக் கோடு என்பது கிணற்றுச் சுவரில் கறுத்த பாறைக்கு நடுவே ஓடும் வெள்ளைக் கல் பட்டை. கல்வராயன் மலையடிவாரத்தில் எங்கே வெடி வைத்தாலும் அது தலை காட்டும். ஓரிடத்தில் விரல் அகலம் இருக்கும், இன்னோரிடத்தில் ஆள் அகலம். நேராகப் போய்க்கொண்டே இருந்து சட்டென்று நெளியும், இரண்டாகப் பிரியும், கொஞ்ச தூரத்தில் மறுபடி ஒட்டிக்கொள்ளும். அதன் ஓரத்தை ஒட்டியே கரேலென்று ஓர் அடுக்கு வரும். அதில் காக்காப்பொன் மினுங்கும். நகத்தால் கீறினால் ஏடு ஏடாக உரியுமே, அந்தக் கல். செபாஸ்தியானுக்கு வெள்ளை என்றால் எமன். மினுங்கும் கறுப்பு என்றால் காவல்.

சட்டம் சும்மா வந்துவிடவில்லை. செபாஸ்தியான் கூலிக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா கரும்பு வெட்டப் போனார், அம்மா களை பறிக்கப் போனார். எழுத்துக் கூட்டிப் படிக்க வந்ததும் பள்ளிக்கூடம் போதும் என்று அவரே முடிவு செய்துகொண்டு, மீசை முளைக்கும் முன் கிணற்றில் இறங்கிவிட்டார். தம்பி அமல் பின்னாலேயே இறங்கினான். அண்ணன் எங்கே போனாலும் வால் பிடித்துக்கொண்டு போகிற தம்பி அவன். சங்கராபுரம் போகிற வழியில் ஒரு கிணற்றில், சோற்றுச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அமல்மீது ஒரு பாறைப் பலகை கதவு சாய்வதுபோலச் சாய்ந்தது. கத்தக்கூட அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை.

கல்லைப் புரட்டி அவனை எடுத்த பிறகு செபாஸ்தியான் சுவரைப் பார்த்தார். பலகை பெயர்ந்த இடம் முழுக்க, மேலிருந்து கீழ்வரை, சுண்ணாம்பு அடித்ததுபோல வெள்ளை. அந்த வெள்ளையை அவர் வெறித்துக்கொண்டே நின்றார். கல்லோடு யாரும் சண்டை போட முடியாது. ஆனால் ஒரு நிறத்தோடு போடலாம். இதுதான் என் தம்பியைத் தின்றது என்று அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டார். வெள்ளை என்பது இரண்டு பாறைகளை ஒட்டவைத்த கலவை, கொத்தனார் வைத்த பூச்சு மாதிரி, அது விட்டுப்போனால் கல் விழும் என்று விளக்கமும் சொல்லிக்கொண்டார்.

அதன் பிறகு அவர் மேஸ்திரி ஆனார். ஒவ்வொரு கிணற்றிலும் வெடி ஆறியதும் முதல் ஆளாக இறங்கி, சுவரைச் சுற்றிப் பார்த்து, காக்காப்பொன் மினுங்கும் பக்கமாகத் தன் துண்டை விரிப்பார். பஸ்ஸில் சீட்டுக்குத் துண்டு போடுகிற மாதிரிதான். துண்டு விழுந்த இடத்தில்தான் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். வெயில் காலத்தில் மேலே அனல் கொதிக்கும்போது கிணற்றின் அடி குளுகுளுவென்று இருக்கும் என்பதால் சாப்பாடு எப்போதும் கீழேதான். அவரிடம் தொழில் கற்றவர்கள் தனித்தனியாகப் பிரிந்து போனார்கள். போன இடமெல்லாம் துண்டும் போனது, சட்டமும் போனது. இத்தனை வருஷத்தில் அவர் கோஷ்டியில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பெருமை அவர் நடையிலேயே தெரியும்.

இந்தக் கோடையில் மலையடிவாரத்தில் கொளஞ்சியம்மாளின் கிணற்றில் வேலை. கொளஞ்சியம்மாள் மூன்று ஏக்கர் கரும்பைக் காயவிட்டுவிட்டு வானத்தையும் மேஸ்திரியையும் மாறி மாறித் திட்டிக்கொண்டிருந்த சம்சாரி. மேலே கிரேன் ஓட்டுவது இளவரசன். கீழே கல் அள்ளிப் பக்கெட்டில் போடுவது ராசுவும், செபாஸ்தியானின் மனைவி உபகாரமேரியும். கல்யாணமான மறு மாசத்திலிருந்து உபகாரமேரி புருஷனோடு கிணற்றில் இறங்குகிறவள். வாய் அவளுக்குக் கம்ப்ரசரைவிடச் சத்தம் ஜாஸ்தி.

அன்றைக்கு மேற்குச் சுவரில் காக்காப்பொன் அடுக்கு நன்றாகத் தடித்து மினுங்கியது. செபாஸ்தியானுக்குப் பரம திருப்தி. அதன் அடியில் துண்டைப் போட்டுவிட்டு, "நீங்க சாப்டுங்க, நான் டீசல் இருக்குதான்னு பாத்துட்டு வரேன்" என்று பக்கெட்டில் ஏறி மேலே வந்தார்.

மேலே கல் குவியலின்மேல் ஒரு பெண் சுத்தியலும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். பெயர் செந்தமிழ்ச்செல்வி. சங்கராபுரத்தில் பிறந்து, வெளியூர்க் கல்லூரியில் நிலவியல் பாடம் நடத்துகிறவள். மலைமேல் கல்லெல்லாம் பாசியேறி, வெயிலில் வெந்து நிறம் மங்கிக் கிடக்கும். புதுசாக உடைந்த கல் வேண்டுமென்றால் கிணற்று மேட்டுக்குத்தான் வர வேண்டும் என்று கொளஞ்சியம்மாளிடம் கேட்டுக்கொண்டு வந்திருந்தாள். ஒரு கல்லைக் கையில் வைத்துக்கொண்டு, பிறந்த குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, இது ஒரு காலத்துல பாதி உருகின கல்லுண்ணா" என்றாள்.

செபாஸ்தியானுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "கல்லு உருகுதாம்மா? எம் பொண்டாட்டி மனசே இன்னும் உருகல."

"அவங்களுக்குச் சூடு பத்தலபோல" என்றாள் அவளும். பிறகு கல்லைத் திருப்பிக் காட்டினாள். "நெசமாத்தாண்ணா. இருபது முப்பது கிலோமீட்டர் அடியில இருந்த கல்லு இது. முழுசா உருகல, பாதிதான் உருகிச்சு. அதான் இதுல விசேஷமே."

அந்த நேரம் பார்த்து ஐஸ்காரர் பெட்டி கட்டிய வண்டியில் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தார். செந்தமிழ்ச்செல்வி ஆரஞ்சு குச்சி ஐஸ் இரண்டு வாங்கி ஒன்றை அவரிடம் நீட்டினாள். கூச்சமாக இருந்தது, ஆனால் வெயில் கூச்சத்தைவிடப் பெரியது. வாங்கிக்கொண்டார்.

"இது கெட்டிதானே? சுத்தியால அடிச்சா ஒடையும். இப்போ உறிஞ்சுங்க."

உறிஞ்சினார். ஆரஞ்சு தித்திப்பு வாய்க்குள் இறங்கியது.

"ஐஸு முழுசா உருகல, ஆனா சாறு மட்டும் எப்படி வந்துச்சு? ஐஸுங்கறது பொடிப்பொடி மணிங்க. மணிக்கும் மணிக்கும் நடுவுல இருக்கற சந்துல, மொதல்ல உருகற சக்கரைத் தண்ணி நின்னுகினு இருக்குது. நீங்க இழுத்தா சந்து சந்தா பூந்து ஓடி வருது. மணிங்க அங்கயே நிக்குது. கல்லும் இப்டித்தான்."

"கல்லை யாரும்மா உறிஞ்சறது?"

"யாரும் உறிஞ்சல, அழுத்தம்தான். மேல அவ்ளோ பாரம். கல்லுல இருக்கற எல்லாம் ஒரே சூட்டுல உருகாதுண்ணா. வெள்ளைக்கு உண்டான சரக்குதான் மொதல்ல உருகும். மணிங்களோட மூலையில சொட்டு சொட்டா நிக்கும். செக்குல எள்ளு நசுங்கற மாதிரி பாரம் நசுக்க நசுக்க, சொட்டு சேந்து நூலாவும், நூலு சேந்து வாய்க்காலாவும். எங்க அழுத்தம் கம்மியோ அந்தப் பக்கமா ஓடும். சுத்தி இருக்கற கல்லு அப்பவும் கல்லாத்தான் இருக்கும். ஓடினதுல கொஞ்சம் மேல ஏறிப் போயிடுச்சு. கொஞ்சம் வழியிலயே ஆறி நின்னுடுச்சு. நின்னுபோன வாய்க்காலுதான் இந்த வெள்ளை."

செபாஸ்தியான் கையில் ஐஸ் அப்படியே நின்றது. வாழ்நாளெல்லாம் அடித்து, துளைத்து, வெடித்து அள்ளிய கல்லுக்குள் ஒரு காலத்தில் ஓட்டம் இருந்தது என்பதை அவரால் விழுங்க முடியவில்லை. கல் என்றால் நிற்பது. அது எப்படி ஓடும்? அதுவும் தான் ஓடாமல், தனக்குள் மட்டும்?

"இது எப்போம்மா நடந்துச்சு?"

"இருநூறு கோடி வருசத்துக்கு மேல ஆச்சு."

அவர் சிலுவை போட்டுக்கொண்டார். அந்த எண்ணுக்கு வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

"அப்போ இது ரெண்டு கல்லை ஒட்ட வெச்ச பூச்சு இல்லியா?"

"பூச்சு இல்லண்ணா. கல்லு தன் வவுத்துல இருந்தே பிழிஞ்சு எடுத்தது. ஆறி இறுகிடுச்சு. இதுல கெட்டியே அதுதான்."

"ஓரத்துல இருக்கற இந்த மினுக்குக் கறுப்பு?"

"சாறு போனா இன்னா மிச்சம் இருக்கும்? சக்கைதான். உங்க ஊர்க் கரும்பு மாதிரி. உருகாத காக்காப்பொன்னெல்லாம் ஓரமா ஒதுங்கி அடுக்கா நின்னுடுச்சு."

செபாஸ்தியான் யோசனையில்லாமல் இன்னொரு தரம் உறிஞ்சினார். சாறெல்லாம் போய் வெளுத்துக் கிடந்த ஐஸ் பொலபொலவென்று உடைந்து, குச்சியை விட்டு நழுவி மண்ணில் விழுந்தது.

அவர் அதைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"யம்மா. வெள்ளை, கறுப்பு, ரெண்டுல எது பெயரும்?"

"நான் கல்லு எப்படிப் பொறந்துச்சுன்னு படிச்சவ. கெணத்துல எப்படி வுழும்னு எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனா காக்காப்பொன்னு ஏடு ஏடா உரியும், ஈரம் பட்டா வழுக்கும். வெள்ளை அப்டி உரியாது."

சங்கராபுரத்து வழிக் கிணற்றின் சுவர் அவர் கண்முன்னே வந்து நின்றது. அந்த வெள்ளை விழவில்லை. விழுந்தது அதன்மேல் கறுப்பை நம்பி ஒட்டிக்கொண்டிருந்த பலகை. வெள்ளை கடைசிவரை அசையாமல் நின்றது, நின்றதனால் கண்ணுக்குத் தெரிந்தது, தெரிந்ததனால் பழியை ஏற்றது. விழுந்ததை விட்டுவிட்டு நின்றதைக் குற்றவாளி ஆக்கியிருக்கிறார். கறுப்புக்குக் கீழே எத்தனை பேரை எத்தனை கிணற்றில் உட்கார வைத்திருப்பார்? யாருக்கும் ஒன்றும் ஆகாததை அவர் அனுபவம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அது வெறும் அதிர்ஷ்டம். 

அப்போதுதான் நினைவு வந்தது. இன்றைக்குத் துண்டு எங்கே கிடக்கிறது?

கிணற்று விளிம்புக்கு ஓடினார். கீழே, தடித்து மினுங்கும் அடுக்குக்கு நேர் அடியில், உபகாரமேரியும் ராசுவும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். உபகாரமேரி எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏந்திருங்க! மேல வாங்க!"

"இன்னாங்க, சோத்துல கை வெச்சிருக்கும்போது!" என்று கீழேயிருந்து அவள் குரல் வந்தது.

இருநூறு கோடி வருஷத்துக் கதையை எண்பது அடி ஆழத்துக்குக் கத்திச் சொல்ல முடியாது. சொன்னாலும் அவள் சோற்றை முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். கிணற்றில் இறங்குகிற எவனும் கேள்வி கேட்காமல் ஓடுகிற சொல் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதை எடுத்து வீசினார்.

"வெடிக்காத தோட்டா இருக்குது! அங்க, பக்கத்துலயே! ஓடியாங்க!"

சட்டி உருண்டது. இருவரும் பக்கெட்டுக்குள் விழுந்து புரண்டு ஏற, இளவரசன் கிரேனை விரட்டினான். கம்பி கிரீச்சிட்டது. மேலே வந்து இறங்கியபோது உபகாரமேரியின் உதடு வெளுத்திருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு செபாஸ்தியான் அதை விடவேயில்லை.

"எங்க இருக்குது தோட்டா?" என்றான் ராசு மூச்சு வாங்க.

"தோட்டா இல்லடா. அந்தக் கறுப்பு வுழுந்துடும்னு..."

உபகாரமேரி கையை உதறினாள். வெடி அப்போதுதான் வெடித்தது. "தோட்டா இல்லியா? பொய்யா சொன்ன? என் ஈரக்கொலையே அந்து போச்சுய்யா! நீ போட்ட துண்டுதான, நீ காட்டுன எடந்தான? வெயில்ல மூளை உருகிடுச்சா உனக்கு?" ஆத்திரத்தில் அவளுக்கு மரியாதை மறந்துபோகும்.

கொளஞ்சியம்மாள் வந்து சேர்ந்துகொண்டார். "கெணத்தப் பாத்தே பயப்படற ஆள வெச்சி நான் எப்ப தண்ணி பாக்கறது?" தன்னால் ஏதோ ஆகிவிட்டது என்று செந்தமிழ்ச்செல்வி தவித்தாள். கோடு, கறுப்பு, சாறு, சக்கை என்று அவளும் சொல்லிப் பார்த்தாள். ஐஸ் சாப்பிட்டுவிட்டுப் பேசுகிறார்கள் என்பதற்கு மேல் யாருக்கும் எதுவும் ஏறவில்லை. தான் வந்த ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அவள் தயங்கித் தயங்கிக் கிளம்பினாள். மற்றவர்கள் வேப்ப மரத்தடியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். செபாஸ்தியான் கிணற்றுக்குள் இறங்கும் கற்படியை மறித்துக்கொண்டு நின்றார். ஒருவரையும் இறங்க விடவில்லை.

வெயில் தாழ்ந்தது. "போதும் நவுருங்க, சட்டியையாவது எடுத்தாரேன்" என்று உபகாரமேரி அவரைத் தள்ளிக்கொண்டு முதல் படியில் கால் வைத்தாள்.

கிணற்றுக்குள்ளிருந்து பருத்த துணி கிழிவதுபோல ஒரு சத்தம் வந்தது. பிறகு தரை குலுங்கியது. தூசி மேலே எழும்பி எல்லோர் முகத்திலும் அப்பியது. உபகாரமேரி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் வாயைத் திறந்தாள், ஒரு சொல் வரவில்லை. அவளுக்குப் பேச்சு வராமல் போனதைச் செபாஸ்தியான் அன்றைக்குத்தான் பார்த்தார்.  தூசி அடங்கியபோது துண்டும் சட்டியும் இருந்த இடத்தில் மாட்டு வண்டி அளவுக்கு ஒரு பாறை கிடந்தது.

இதோடு முடிந்தது, இனி எல்லோரும் நம்பிவிடுவார்கள் என்று செபாஸ்தியான் நினைத்தார். அங்கேதான் மறுநாள் காலை அவருக்கு இன்னொரு அடி விழுந்தது.

செய்தி பரவி, வேறு கோஷ்டிகளிலிருந்தும் ஆட்கள் பார்க்க வந்திருந்தார்கள். விளிம்பில் வரிசையாக நின்று எட்டிப் பார்த்தார்கள். பாறை பெயர்ந்த மேற்குச் சுவர் காலை வெயிலில் பளபளத்தது. மேலிருந்து கீழ்வரை, அகலமாக, துடைத்து வைத்ததுபோல வெள்ளை.

"பாத்தீங்களா வெள்ளைய!" என்றான் ராசு. "உள்ள ஒளிஞ்சிகினு இருந்திருக்குது. மேஸ்திரி சொல்றது அட்சரம் பிசகாது. நேத்து துண்டு கொஞ்சம் கிட்டக்கப் போட்டுட்டாரு, அவ்ளோதான்."

எல்லோரும் தலையாட்டினார்கள். செபாஸ்தியான் அவர்களைப் பார்த்தார். தன் இளம் வயதில் தான் நின்றதுபோலவே இவர்கள் நிற்கிறார்கள். தான் பார்த்ததையே பார்க்கிறார்கள். தான் எழுதிய தீர்ப்பையே எழுதுகிறார்கள். "இல்லடா! வுழுந்தது வெள்ளை இல்ல! வெள்ளை நிக்குது பாருங்கடா, வுழுந்ததைப் பாருங்க, அதும் முதுகு கறுப்பு!" என்று தொண்டை கிழியக் கத்தினார். மேஸ்திரிக்குப் பயத்தில் புத்தி தடுமாறிவிட்டது, நாலு நாளில் சரியாகிவிடும் என்று அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வந்தவர்கள் தங்கள் தங்கள் கிணற்றுக்கு, கறுப்பைத் தேடி உட்காரக் கிளம்பிப் போனார்கள். தன் வாயால் போட்ட சட்டத்தைத் தன் வாயாலேயே எடுக்க முடியவில்லை.

அடுத்த சில நாட்கள் விழுந்த பாறையை உடைத்து அள்ளுகிற வேலை. முதல் நாளே மத்தியானம் ஆனதும் ராசு தட்டை எடுத்துக்கொண்டு வெள்ளைச் சுவரிலிருந்து எவ்வளவு தூரம் விலகிப் போக முடியுமோ அவ்வளவு தூரம் போனான். அங்கே வடக்குச் சுவரில் இன்னொரு காக்காப்பொன் அடுக்கு, ஈரத்தில் மினுங்கிக்கொண்டு, கிணற்றைப் பார்த்துச் சாய்ந்து நின்றது. அதன் அடியில் சம்மணம் போட்டான். உபகாரமேரியும் அந்தப் பக்கமாகத்தான் நடந்தாள்.

"அங்க வாணாம்" என்றார் செபாஸ்தியான்.

"பின்ன எங்க? அந்த வெள்ளைக்குக் கீழயா?" என்றாள் அவள்.

செபாஸ்தியான் கடப்பாரையை எடுத்து மேற்குச் சுவரைத் தட்டினார். கணீரென்றது. எட்டும் உயரம் வரை தட்டினார். எல்லா இடத்திலும் கணீர். ஒட்டிக்கொண்டிருந்த ஒன்றிரண்டு சில்லுகளை நெம்பித் தள்ளினார். பிறகு தன் தட்டை எடுத்துக்கொண்டு போய், அந்த வெள்ளையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். இத்தனை வருஷம் நிழல்கூடப் படாமல் ஒதுங்கிப் போன கல். முதுகுக்குச் சில்லென்று இருந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது, கற்றுக்கொண்டது மண்டைக்குத்தான் ஏறியிருந்தது, உடம்புக்கு இன்னும் ஏறவில்லை.

உபகாரமேரி அலறிவிட்டாள். "ஏந்திருங்க! ஐயோ, தலைக்கு மேல பாருங்க! எங்க வூட்டுல ஒருத்தரக் குடுத்தது பத்தாதா?"

"ராசு அங்க இருக்கற வரைக்கும் நான் இங்கதான். நான் சொன்னா நீங்க யாரும் கேக்கல. ஒக்காந்தாவது காட்டறேன்."

"மேஸ்திரி, வம்பு பண்ணாதீங்க" என்றான் ராசு, உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாமலே. சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். தலைக்கு மேலே கறுப்பிலிருந்து ஈரம் சொட்டியது.

உபகாரமேரி இரண்டு சுவருக்கும் நடுவே நின்றாள். கெஞ்சினாள், திட்டினாள், அந்தோணியாரைக் கூப்பிட்டாள். புருஷன் அசையவில்லை. கடைசியில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்த வெள்ளையை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். சிலுவை போட்டுக்கொண்டாள். வந்து அவர் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தாள்.

செபாஸ்தியான் திகைத்துப்போய் அவளைப் பார்த்தார். "நம்பிட்டியா?"

"இல்ல" என்றாள்.  தட்டிலிருந்து எடுத்த சோறு வாய்க்குப் போகாமல் விரலிடுக்கில் சிந்தியது. "வுழுந்தா ரெண்டு பேரு மேலயும் வுழட்டும்."

ராசு பிசைவதை நிறுத்தினான். அவர்கள் இருவரையும் பார்த்தான். உபகாரமேரி அக்கா அழுதுகொண்டே சோற்றில் கை வைத்திருப்பதைப் பார்த்தான். பிறகு முணுமுணுத்தபடி தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தான். அவன் கல் குவியலைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து சேரும்வரை செபாஸ்தியான் அந்த வடக்குச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.